ராஜமாதா சொல்லாத வசனம்

கடுங்குளிரில் படப்பிடிப்பு நடக்கும்போது நாங்கள் வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொள்வோம். கதையில் பூப்பூக்கும் வசந்தகாலமாக இருக்கும், வெளியே மூக்கு விறைக்கிற குளிராக இருக்கும். வாயைத் திறந்தால் புகை மாதிரி ஆவி வந்து குட்டை உடைத்துவிடும். வாய்க்குள்ளும் வெளியே இருக்கிற அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் ஆவி வராது. நாக்கு மரத்துப்போகும், பல் கூசும், ஆனாலும் வசனம் சுத்தமாக வந்தாக வேண்டும். உங்கள் அம்மா எங்கள் தொடரை விடாமல் பார்ப்பதாகச் சொன்னீர்களே தம்பி, அவரிடம் இதைச் சொல்லுங்கள். ராஜாவும் இளையராணியும் பிளம் மரத்தடியில் கைகோத்து நின்று உருகியபோது இருவர் வாயிலும் பனிக்கட்டி இருந்தது என்று தெரிந்தால் சிரிப்பார்.

முறைப்படி கேட்க வேண்டியதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் தாக் வோல்சுன். தொழில் நடிப்பு. மலையடிவாரத்தில் போட்டிருக்கும் அரண்மனை செட்டில் எடுக்கப்படுகிற சரித்திரத் தொடரில் நான் ராஜமாதா, அதாவது ராஜாவைப் பெற்றவள். பனியில் மண்டியிடும் காட்சியில் சரிந்து விழுந்து இறந்துபோன பியோன் தாரே அதில் இளையராணி. அவள் சாவு விபத்து என்று எழுதிக் காவல் நிலையக் கோப்பை மூடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். வெளியே என் மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நான் சொல்வதைத் தட்டச்சு செய்யுங்கள்.

தாரேயை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொன்னால் நடிப்பு என்பீர்கள். படப்பிடிப்பு தொடங்கும் முன் எங்கள் வழக்கப்படி பன்றித்தலை வைத்துப் பூசை போட்டோம். எல்லாரும் அதன்முன் விழுந்து கும்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் நடந்தபோது, அவள் மட்டும் நேராக என்னிடம் வந்து இன்னொரு முறை குனிந்து வணங்கினாள். செட்டில் சின்னவர் பெரியவர் எல்லாரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"கதையில நீங்க என் மாமியார். அதனால வெளியிலயும் அத்தைன்னுதான் கூப்பிடப்போறேன். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

"மாமியார்னா கொடுமைப்படுத்துவேனே, பரவாயில்லையா?"

"கேமரா ஓடும்போது மட்டும் கொடுமைப்படுத்துங்க அத்தை. மத்த நேரத்துல சோறு போடுங்க."

போட்டேன். விடிவதற்குள் எழுந்து அவளுக்காகக் கஞ்சி காய்ச்சி, சூடு ஆறாத பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போவேன். என் வீட்டில் எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது. சியோலில் என் அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சி பேசும், லிஃப்ட் பேசும், அரிசிக் குக்கர்கூட சோறு வெந்துவிட்டது என்று பேசும். நான் பேசுவதற்குத்தான் ஒருவரும் இல்லை. நான் வாய்விட்டுப் பேசுகிற பேச்சு முழுவதும் எழுத்தாளர் எழுதிக் கொடுக்கிற பேச்சுதான். சனி ஞாயிறில் என் குரலை நானே கேட்பதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வசனம் எனக்குத் தொழில் மட்டும் அல்ல என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அது போனால் எனக்கு வாயே இல்லை.

நான் அரண்மனைத் தாதி வேடத்தில்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ராணி உட்கார்ந்திருப்பார், பின்னால் சுவரோரம் தலையைக் குனிந்தபடி வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் ஒருத்தி. என் இளமை முழுவதும் ராணிகளின் முதுகைப் பார்த்தே கழிந்தது. ஒரு சொல் வாங்குவதற்குள் பாதி ஆயுள் போனது. அதனால் கிடைத்த வசனத்தை நான் ஒருபோதும் சிந்தவில்லை. என்னை 'ஒரே டேக் அம்மா' என்பார்கள். இரண்டு பக்க வசனமானாலும் காகிதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய் நின்று சொல்லிவிட்டு வருவேன். பிறகு வயதானவர்களுக்கு வேடம் எழுதுவது குறைந்துபோய், பல ஆண்டுகள் தொலைபேசி அடிக்கவே இல்லை. நான் செத்துவிட்டேன் என்று நினைத்தவர்களும் உண்டு. அப்போது வந்ததுதான் இந்த ராஜமாதா வேடம். ஊரே என்னைத் திட்டியது. காய்கறிக் கடைக்காரி முள்ளங்கியைத் தரும்போது, "அந்தப் பொண்ணை இனிமே அழவச்சீங்கன்னா உங்களுக்கு அழுகினதாப் பார்த்துத்தான் கொடுப்பேன்," என்றாள். வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் அழுதேன்.

இனி அந்தக் காட்சிக்கு வருகிறேன்.

எங்கள் தொடர் வாரம் இருமுறை ஒளிபரப்பாகிறது. கையிருப்பு எதுவும் இல்லை. காலையில் எழுத்தாளர் யோம் அம்மாள் பக்கங்களை அனுப்புவார், பகலில் எடுப்போம், சில சமயம் அன்று மாலையே அது வீடுகளில் ஓடும். பார்வையாளர் கணக்கு ஏறினால் ஒருவர் பிழைப்பார், இறங்கினால் ஒருவர் சாவார். யார் சாகப்போகிறார்கள் என்று நடிகர்களிடம் யாரும் சொல்வதில்லை. ஆனால் உடைப் பிரிவு வண்டிக்குத் தெரியும். அரச குடும்பத்து ஆளுக்கு ராஜா விஷக் கிண்ணம் அனுப்பினால், அதை வெள்ளை உடுத்திக்கொண்டுதான் குடிக்க வேண்டும். அந்த வெள்ளை உடையைத் தைக்க நேரம் வேண்டும். அதனால் பக்கம் வருவதற்கு முன்பே வண்டியில் உடை தொங்க ஆரம்பித்துவிடும். எல்லா உடையிலும் நடிகர் பெயர்ச் சீட்டு குத்தியிருக்கும். பெயர் இல்லாமல் ஒரு வெள்ளை உடை தொங்கினால், வெளியே தெரியக்கூடாத ஒரு சாவு வரப்போகிறது என்று அர்த்தம். நாங்கள் எல்லாரும் காப்பி குடிக்கிற சாக்கில் அந்த வண்டிப் பக்கம் போய் எட்டிப் பார்ப்போம். வேடிக்கையாகத்தான் இருக்கும், நமக்கு வராதவரை.

அந்தக் காட்சி எடுத்த அன்று அதிகாலை நான் எட்டிப் பார்த்தபோது இரண்டு வெள்ளை உடைகள் தொங்கின. ஒன்று ஒடுக்கமானது, தாரேயின் பெயர் குத்தியது, பனிக்காட்சிக்கு உரியது. இன்னொன்று பெயர் இல்லாதது. மார்புக்கு மேல் கட்டுகிற பாவாடையின் மார்புப்பட்டியை நன்றாக அகலமாக விட்டுத் தைத்திருந்தார்கள். என்னைப் போன்ற தடித்த உடம்புக்காரிக்குத்தான் அப்படித் தைப்பார்கள்.

உடைப் பிரிவுக் கும்ரானிடம், "யாருக்கு இது?" என்றேன்.

"சும்மா தைச்சு வச்சேன் அக்கா. எப்பவாவது ஆகும்ல."

"சும்மா தைக்கிற ஆளா நீ? பொத்தான் அறுந்தாலே பத்து தடவை கேட்டாத்தானே தைப்ப."

அவள் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

இயக்குநர் கூவிடம் போனேன். "எனக்கே இன்னும் பக்கம் வரலைம்மா. என் தலை இருக்கா போச்சான்னே தெரியலை," என்று சிரித்தார். எழுத்தாளருக்குத் தொலைபேசி செய்தேன். உதவியாளர் பெண் மிகவும் மரியாதையாக, அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றாள். இருபது வார்த்தையில் இத்தனை மரியாதை வைத்து யாரும் நல்ல செய்தி சொல்வதில்லை. கதை எனக்குத் தெரியும். நான் ராஜாவுக்கு எதிராகச் செய்த சதிக்கான சான்றை இளையராணி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். பனியில் மண்டியிட்டு எழுந்தபின் அவள் அதை ராஜாவின் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் எனக்குக் கிண்ணம்தான். அவள் கொடுக்க முடியாமல் போனால், அதாவது அந்த நடிகை கொஞ்ச நாள் வர முடியாமல் போனால், கையிருப்பு இல்லாத தொடரில் எழுத்தாளர் கதையை வேறு பக்கம் திருப்பித்தான் ஆக வேண்டும். அவ்வளவுதான் நான் யோசித்தது. யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பார்கள்.

இப்போது நீங்கள் எல்லாரிடமும் கேட்ட ஒரு கேள்விக்கு வருகிறேன். தாரே கர்ப்பமாக இருந்தது செட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டீர்கள். எல்லாரும் தெரியாது என்றார்கள், நானும் சொன்னேன். மற்றவர்கள் சொன்னது உண்மை. எனக்குத் தெரியும்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, நடிகர்கள் காத்திருக்கும் வண்டியில் யாரோ சோயா விழுதுக் குழம்பைத் திறந்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே போய் முதுகைத் தடவிவிட்டேன். பெண்ணுக்குப் பெண் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"கியுஹான்தானே?" என்றேன். கியுஹான் எங்கள் ராஜா. பிளம் மரத்தடியில் அவர்கள் உருகியதில் பாதி நடிப்பில்லை என்று எனக்கு எப்போதோ தெரியும்.

"ஆமா அத்தை. எங்க ஒப்பந்தத்தை வச்சிருக்கிற ஏஜென்சிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் தொலைச்சுக் கட்டிடுவாங்க. தொடர் முடியட்டும், நாங்களே சொல்லிடுறோம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். சூட்டுப் பொட்டலங்களை வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொள்ளாதே, பிள்ளைக்கு ஆகாது என்றும் சொன்னேன். பனிக்காலத்தில் நாங்கள் எல்லாரும் உடைக்குள் அந்தப் பொட்டலங்களை ஒட்டிக்கொண்டுதான் நடிப்போம். நான் சொன்னபின் அவள் எங்குமே ஒட்டிக்கொள்வதில்லை. அதை நான் அக்கறையில்தான் சொன்னேன். அப்போது பெயர் இல்லாத உடை எதையும் நான் பார்த்திருக்கவில்லை.

முன்கூட்டியே திட்டமிட்டீர்களா என்று கேட்பீர்கள். அன்று காலையில் ஒப்பனை நாற்காலியில் என் தலையில் கனத்த பொய்முடியை ஏற்றிக்கொண்டிருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். மனம் அமைதியாக இருந்தது.

அந்தக் காட்சியை உங்கள் அம்மா பல தொடர்களில் பார்த்திருப்பார். குற்றம் சுமத்தப்பட்டவர் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வெள்ளை உடுத்தி, முற்றத்தில் கோரைப்பாய் விரித்து மண்டியிட்டு, மன்னிப்பு வரும்வரை எழாமல் கிடப்பார். அன்று உண்மையான பனி கொட்டியது. இயக்குநர் கூவுக்கு ஆசை வந்துவிட்டது. வெட்டாமல் ஒரே ஷாட் என்றார். உயரத்தில் கேமரா, கீழே தாரே, நான் மாளிகையிலிருந்து வெளியே வந்து படியிறங்கிப் பனியில் நடந்து அவள்முன் நின்று பேச வேண்டும். நீளமான பேச்சு. கடைசியில், "போதும். அவளை எழுப்புங்கள்," என்று முடியும். அதைச் சொன்னதும் தாதிகள் ஓடிவந்து அவளைத் தூக்குவார்கள்.

வசனம் தவறினால் மறுபடி எடுக்க வேண்டும். நான் நடந்த காலடித் தடம் பனியில் இருக்குமே, பணியாட்கள் புதுப் பனியை வாரிப் போட்டு அதை மூட வேண்டும். அதுவரை தாரே எழ முடியாது. எழுந்தால் அவள் தோளிலும் தலையிலும் படிந்த பனி கலைந்துவிடும். அப்படியே கிடக்க வேண்டும். இயக்குநர் கேட்டால் அவளே முடியவில்லை என்று சொல்லலாம். ஆனால் தவறு என்னுடையது. மூத்த நடிகை தடுமாறும்போது, என்னால் முடியவில்லை என்று ஒரு சின்னவள் சொன்னால் அது மூத்தவள் முகத்தில் அறைந்த மாதிரி. எங்கள் தொழிலில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். தாரே நல்ல முறையில் வளர்ந்த பெண். என்னை அவமானப்படுத்தவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்படிப்பட்டவளாக இல்லாமலிருந்தால் இது நடந்திருக்காது.

படியிறங்கினேன், நடந்தேன், நின்றேன், பேசினேன். கடைசி வசனத்தில் நிறுத்தினேன்.

"கட். பரவாயில்லைம்மா, குளிரு அப்படி. மறுபடி போலாம்," என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். எல்லாரும் சிரித்தார்கள். ஒரே டேக் அம்மாவுக்கும் திருஷ்டி பட்டுவிட்டது என்றார் விளக்குக்காரர்.

மறுபடி நடந்தேன். மறுபடி நிறுத்தினேன். இப்போது சிரிப்புக் குறைந்தது. பனி வாரிப் போடும் இடைவேளைகளில் என்னைக் கூடாரத்துக்கு அழைத்துப்போய் ஹீட்டர் பக்கம் உட்காரவைத்தார்கள். அன்று தாரேயின் ரசிகர்கள் ஒரு காப்பி வண்டி அனுப்பியிருந்தார்கள். அவள் சிரிக்கிற பெரிய படம், 'எங்கள் இளையராணியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கீழே எழுத்து. அந்த வண்டியிலிருந்து எனக்கு இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். கூடாரத்தின் திறப்பு வழியே பார்த்தால் முற்றத்தில் அவள் முதுகு தெரிந்தது. நல்ல தேநீர்.

அடுத்த முறை நான் அவள்முன் நின்றபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கட் சொன்னபின் தலையை நிமிர்த்தாமல், பல் கிட்டிக்க, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"பதறாதீங்க அத்தை. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க நிதானமா பண்ணுங்க."

இதைக் கேட்டு நான் இளகவில்லையா என்று நினைப்பீர்கள். இளகினேன். ஆனால் திரும்பிப் போகும்போது ஒலிப்பதிவுக் கருவி பிடிக்கிறவன் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது. "பாவம்டா, கிழவிக்கு மூளை மழுங்கிருச்சு. வீட்டுல உக்காரவேண்டிய வயசுல இங்க வந்து எல்லார் உயிரையும் வாங்குது." தம்பி, அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அவன் சட்டையைப் பிடித்து முழு வசனத்தையும், முன்னாலும் பின்னாலுமாக, அவன் முகத்தில் சொல்லிக் காட்ட வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கேமரா ஓடியது.

அந்த முறைதான் பார்த்தேன். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், பாயின் ஓரத்தில், பனி நிறம் மாறியிருந்தது. மேலே கேமராவுக்கு அது தெரியாது. பாவாடை மடிப்பு மறைத்தது. அவ்வளவு கிட்டத்தில் நின்றது நான் ஒருத்திதான். அவளும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். காட்சிப்படி அவள் பார்க்கக்கூடாது. கண்ணாலேயே கெஞ்சினாள்.

போதும் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் தாதிகள் ஓடிவந்துவிடுவார்கள். நான் பாதியில் நிறுத்தி, நெற்றியைத் தடவினேன், உதட்டைத் திறந்து மூடினேன், என்ன சொல்ல வந்தோம் என்று தேடுகிற ஒரு பாவப்பட்ட கிழவியைப் போல இயக்குநர் பக்கம் திரும்பினேன். எத்தனை பேர் கண் கலங்கியது தெரியுமா? என் வாழ்நாளில் நான் நடித்த மிகச் சிறந்த நடிப்பு அது. ஒருவர்கூட அதை நடிப்பு என்று கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு முறை பனி வாரிப் போட்டார்கள். அதன் நடுவில் அவள் பக்கவாட்டில் சரிந்தாள்.

முதலில் ஓடியது நான்தான். என் நீண்ட பஞ்சுக் கோட்டைக் கழற்றி, கழுத்திலிருந்து பாதம்வரை அவளை நானே சுற்றிப் போர்த்தினேன். எல்லாரும் அதைப் பாசம் என்றார்கள். வண்டியிலும் நானே ஏறினேன். கணவாயில் பனி மூடியிருந்தது. வண்டி ஓட்டுகிறவர் குளிரில் விறைத்த கேஸ்தானே, பக்கத்துச் சின்ன மருத்துவமனைக்கே போய்விடலாம் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பெரியவள் என்று. நான் தலையாட்டினேன். பிரசவ வசதியுள்ள பெரிய மருத்துவமனை எந்தத் திசையில் இருந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன மருத்துவமனையில், வேறு ஏதாவது உடம்புக்கு உண்டா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அவர்கள் கோட்டைப் பிரித்துப் பார்த்து, மறுபடி வண்டியில் ஏற்றி, கணவாயைத் தாண்டுவதற்குள் பிள்ளையும் போய் அவளும் போய்விட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

சாவு மண்டபத்தில் கியுஹான் ரசிகர்கள் வரிசையில் நின்று, முகமூடிக்குள் அழுதுவிட்டுப் போனான். பெற்றவர்கள் முன் அவனுக்கு வேறு உரிமை இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைக்கிற காரமான மாட்டிறைச்சிச் சாறு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். கும்ரான் எதிரில் வந்து அமர்ந்து, சோஜு மதுவை ஊற்றி ஒரே வாயில் குடித்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அந்த வெள்ளை உடுப்பு வீணாப் போச்சே அக்கா. அவ கடைசியா என்கிட்ட கேட்டது அதுதான்."

"எந்த உடுப்பு?"

"நீங்க கூட யாருக்குன்னு கேட்டீங்களே. அவளுக்குத்தான். தானே போய் எழுத்தாளரம்மாகிட்ட, என்னைச் சீக்கிரம் சாகடிச்சுடுங்கன்னு கேட்டிருக்கா. நெஞ்சு இறுக்குது, நல்லா அகலமா விட்டுத் தைங்கக்கான்னு என்கிட்ட வந்து சொன்னா. குண்டாயிட்டான்னு நான்கூட கேலி பண்ணேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னதால பேரு குத்தலை. உங்க பழியைத் தன்மேல போட்டுக்கிட்டு இளையராணி கிண்ணத்தைக் குடிக்கிற மாதிரி மாத்தியாச்சு. 'அத்தைக்குக் கடைசி வரைக்கும் வசனம் கொடுங்க, அது இல்லைன்னா அவங்க செத்துடுவாங்க'ன்னு எழுத்தாளரம்மா காலைப் பிடிக்காத குறையாக் கேட்டாளாம்."

ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்க்கத் தெரியாத முட்டாள் இல்லை நான். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு உடை அகலமாகத்தான் வேண்டும். ஆனால் பயந்துபோனவளுக்குக் கணக்கு வராது. எந்த வெள்ளையைப் பார்த்தாலும் தனக்கென்றுதான் தோன்றும். அந்தச் சாற்றை முழுவதும் குடித்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வாரம் இயக்குநர் கூ வயதானவர்களுக்குத் தெம்புக்குக் கொடுக்கிற சிவப்பு ஜின்செங் வேர்ப் பெட்டியோடு என் வீட்டுக்கே வந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நடந்ததுக்கு நீங்க பொறுப்பில்லைம்மா. நான்தான் நிறுத்தியிருக்கணும். வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல. நீங்க கஷ்டப்படக்கூடாதுன்னு எழுத்தாளரம்மா வழி பண்ணிட்டாங்க." அவர் பக்கத்தைக் காட்டினார். இளையராணி செத்த அதிர்ச்சியில் ராஜமாதாவுக்குப் பக்கவாதம். வாய் போய்விடுகிறது. கடைசிவரை படுக்கையில். "கண்ணைத் திறந்து மூடினாப் போதும்மா. ஒரு வரிகூட மனப்பாடம் பண்ண வேண்டாம்."

எடுத்தார்கள். நான் பட்டு மெத்தையில் கிடந்தேன். என் கால்மாட்டில் நின்ற தாதிப் பெண்ணுக்கு ஒரு வசனம் இருந்தது. அதை அவள் குழறினாள். இயக்குநர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நான் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு, அவள் வசனத்தை மனதுக்குள் திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்தித்தாளில் 'நினைவு தப்பும் மூத்த நடிகைக்குப் படக்குழுவின் அன்பு' என்று போட்டார்கள். என்னோடு நடித்தவர்கள் தொலைபேசி செய்து நல்ல மருத்துவர் பெயர் சொல்கிறார்கள். காய்கறிக் கடைக்காரி இப்போது என்னைத் திட்டுவதில்லை. மிச்சச் சில்லறையைக் கையில் வைத்து, விரலை மடக்கி மூடி, "வழி தெரியுமாம்மா, கொண்டுவந்து விடட்டுமா?" என்கிறாள்.

நீங்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டீர்கள். எப்போது நிறுத்தினீர்கள் என்பதும் தெரியும், தேநீர் குடித்ததைச் சொன்னபோது. உங்கள் முகத்தில் இருப்பது அருவருப்பு என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் அது அருவருப்பு இல்லை. இப்போது நீங்கள் சொன்னதைக் கேட்டேன். "அம்மா, நீங்க ரொம்ப மனசொடிஞ்சு போயிருக்கீங்க. மறதி எல்லாருக்கும் வர்றதுதான். உங்களை நீங்களே தண்டிச்சுக்காதீங்க." இந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் தம்பி? இதைச் சுமந்துகொண்டு அந்த வீட்டில் எப்படி இருப்பேன்? கெஞ்சிக் கேட்கிறேன், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அன்று பேச வேண்டிய முழு வசனத்தையும் சொல்லட்டுமா? அவளுடைய வசனத்தையும் சேர்த்துச் சொல்லட்டுமா? தொடரின் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் கேளுங்கள்.

வேண்டாமா. சரி. அப்படியானால் இரண்டே வாக்கியம் எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன். பியோன் தாரேயையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் தெரிந்தே கொன்றவள் தாக் வோல்சுன். தாக் வோல்சுன் அன்று ஒரு வசனத்தையும் மறக்கவில்லை. இரண்டுக்கும் இடம் இல்லை என்றால், முதலாவதை விட்டுவிடுங்கள்.